டார்சிக்கு எதற்குப் பதக்கம்?

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்காவில் ஜூலு மக்கள்மேல் பிரிட்டிஷார் தொடுத்த ஜூலுப் போரில், தன்னார்வக் குதிரைப்படையினர் பெற்ற விக்டோரியா கிராஸ் என்ற பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் பற்றி எழுதியிருந்தீர்கள். 1879 ஜூலை 3 அன்று அவர்கள் ஓடிவந்தவர்கள்தானே? அவர்களில் ஒருவரான டார்சியோ காப்பாற்றப் போன ஆளைக் காப்பாற்றவே இல்லை. அடுத்தவன் நாட்டைப் பிடிக்கப் போனவர்களின் வீரத்தை நாம் ஏன் பேச வேண்டும்?

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

ஓடித்தான் வந்தார்கள். வெள்ளை உம்ஃபோலோசி ஆற்றைக் கடந்து ஜூலுத் தலைநகர் உலுண்டியை வேவு பார்க்கப் போன, பிரிட்டிஷ் அரசுப் படை அதிகாரி புல்லரின் குதிரைவீரர்களை ஜூலுத் தளபதி சிபெபு ஆசைகாட்டி உள்ளே இழுத்தார். துரத்தி வரும் குதிரைகள் இடறி விழ, உயர்ந்து வளர்ந்த புல்லைப் பின்னி முடிந்து வைத்திருந்தார்கள். சந்தேகப்பட்டுப் புல்லர் படையை நிறுத்தியதும், மறைந்திருந்த ஜூலுக்கள் கூட்டம் கூட்டமாக எழுந்தார்கள். என்னைக் கேட்டால் அன்று கெட்டிக்காரர் சிபெபுதான்.

அந்த ஓட்டத்தில் குதிரையை இழந்தவன் பிழைப்பது அரிது. தன்னார்வலர்களின் எல்லைக் குதிரைப்படையைச் சேர்ந்த கேப்டன் செசில் டார்சி, விழுந்துகிடந்த வீரன் ஒருவனுக்காகத் திரும்பிப் போய், அவனைத் தன் குதிரையில் பின்னால் ஏற்றினார். குதிரை துள்ளி இருவரையும் கீழே தள்ளிவிட்டது. முதுகில் அடிபட்ட நிலையிலும் அவனைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. ஜூலுக்கள் மிக அருகில் வந்த பிறகே விட்டுவந்தார். வீரன் கொல்லப்பட்டான். மறுநாள் உலுண்டிப் போரில் டார்சியால் கலந்துகொள்ளவும் இயலவில்லை. ஆள் பிழைத்தானா என்று பார்த்துக் கொடுப்பதென்றால், இந்தப் பதக்கத்தில் பாதியைத் திருப்பி வாங்க வேண்டியிருக்கும்.

எனக்கு உறுத்துவது வேறு. மார்ச் மாதம் ஹ்லோபானே மலைச் சண்டைக்காகவும் டார்சியின் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. காலனியின் தன்னார்வலர், அரசுப் படை அதிகாரி அல்ல என்று தட்டிக்கழித்தார்கள். அதே சண்டைக்காகப் புல்லருக்குக் கிடைத்தது. ஜூலை 3 அன்று இன்னொரு வீரரைக் காப்பாற்றிய லார்ட் வில்லியம் பெரஸ்ஃபோர்டு, தமக்குத் துணைநின்ற தன்னார்வ சார்ஜென்ட் ஓ’டூலுக்கும் தராவிட்டால் ஏற்கமாட்டேன் என்றாராம். ஓ’டூலுக்கும் கிடைத்தது. பரிந்துபேச ஒரு பிரபு வேண்டியிருந்தது!

நாம் ஏன் பேச வேண்டும் என்கிறீர்கள். யாருடைய வீரத்தை மதித்தார்கள், யாருடையதை மதிக்கவில்லை என்று பார்க்கத்தான். அதே போரில் பிரிட்டிஷாருக்காகக் குதிரையேறிய கறுப்பினத்தவர் சிமியோன் கம்புலேக்குக் கொடுத்தது ஒரு படி கீழான பதக்கம். இந்தியச் சிப்பாய்க்கோ 1911 வரை விக்டோரியா கிராஸ் பெறும் தகுதியே இல்லை.