கன்டினியூவா காய்ச்சலா?

கேள்வி: கன்டினியூவஸ், கன்டினியூவல் இரண்டும் ஒன்றுதானே? லீவ் லெட்டரில் 'மூன்று நாளாக கன்டினியூவஸ் ஃபீவர்' என்று என் மகன் எழுதியதை டீச்சர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். பகலில் நன்றாகத்தான் இருந்தான், ராத்திரியானால் அனலாகக் கொதித்தது. நாமெல்லாம் 'கன்டினியூவா' என்றுதானே சொல்கிறோம்?
- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: பகலில் நன்றாக இருந்தான் என்று நீங்களே எழுதிவிட்டு டீச்சரை ஏன் இழுக்கிறீர்கள்? டாக்டர்கள் கணக்கில் கன்டினியூவஸ் காய்ச்சல் என்றால் இருபத்து நாலு மணி நேரமும் உடம்புச் சூடு நார்மலைத் தொடவே கூடாது, ஏற்ற இறக்கமும் ஒரு டிகிரி செல்சியஸைத் தாண்டாது. உங்கள் பையனுக்கு வந்தது விட்டு விட்டு வருகிற காய்ச்சல், அது வேறு வகை.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் வண்டியை ஆஃப் செய்துவிட்டு நின்றிருப்பீர்கள் அல்லவா? கூட்ஸ் போய்க்கொண்டே இருக்கும், கடைசிப் பெட்டி வரை நடுவில் சந்தே கிடையாது, அது கன்டினியூவஸ். அது போனதும் கேட்டைத் தூக்கி, நாலு பைக் தாண்டுவதற்குள் மறுபடி மணியடித்து இறக்குவார்களே, நாள் முழுக்க அந்தக் கூத்து, அது கன்டினியூவல். இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இதில் இங்கிலீஷ்காரர்களே ஒன்றும் யோக்கியமில்லை. இரண்டுக்கும் லத்தீனில் ஒரே வேர், சேர்த்துப் பிடிப்பது என்று பொருள். கன்டினியூவல்தான் மூத்தது, 14-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது, மற்றது 17-இல். ரொம்ப நாள் கலந்துகட்டித்தான் எழுதினார்கள், இந்த வரப்பெல்லாம் பிற்பாடு இலக்கண வாத்தியார்கள் போட்டது. ஆனாலும் பரீட்சை எழுதுகிற பையன், வரப்பு மேலேயே நடக்கட்டும்.

அப்புறம் உங்கள் 'கன்டினியூவா'. அது இரண்டிலும் சேராது. கன்டினியூ வினைச்சொல், அதன் வாலில் 'ஆ' ஒட்டிவிட்டோம். 'ஸ்பீடா வந்தான்' சரி, 'ஓடுவா வந்தான்' என்று யாராவது சொல்வார்களா? டீக்கடையில் பேசுங்கள், நானும்தான் பேசுகிறேன். ஆனால் டாக்டரிடம் போய் 'கன்டினியூவா ஜுரம் சார்' என்றால் அவருக்கு என்ன புரியும்? ஐப்பசியில் நாள் பூரா ஊற்றினால் அடைமழை, நின்று நின்று பெய்தால் விட்டு விட்டு மழை என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள்தானே நாம்? காய்ச்சலுக்கு மட்டும் என்ன வந்தது?

லெட்டரைத் திருத்தி 'ஃபீவர் எவ்ரி நைட்' என்று எழுதச் சொல்லுங்கள். டீச்சருக்கும் சிவப்பு மை மிச்சம்.