பெட்டி டிவியில் பார்த்த கேம் புது டிவியில் அதேபோல வருமா? – கேள்வி பதில்

பழைய கேம்களை எமுலேட்டரில், அதாவது பழைய கேம் மெஷினைப் போல நடிக்கும் சாஃப்ட்வேரில், ஓட்டுவது இப்போது பெரிய வேலை இல்லை. ஓட்டிப் பார்த்ததும் "என்னங்க இது, கட்டம் கட்டமா இருக்கு" என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் வார்த்தை. அது சம்பந்தமாக வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெரும்பாலும் பல எமுலேட்டர்களை ஒன்றாக ஓட்டும் ரெட்ரோஆர்ச்சை வைத்துத்தான் பேசுகிறேன், ஏனென்றால் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

சேலம்: அண்ணா, சின்ன வயசுல பார்த்த சோனிக் அவ்வளவு அழகா இருந்துச்சு. இப்ப 55 இன்ச் 4கே டிவியில போட்டா செங்கல் செங்கலாத் தெரியுது. நம்ம ஞாபகம்தான் ஏமாத்துதா?

ஞாபகம் ஏமாற்றவில்லை தம்பி. சோனிக் ஓடிய சேகா மெஷினான மெகா டிரைவ் அன்று அனுப்பியதும் 320-க்கு 224 புள்ளிதான், இன்று எமுலேட்டர் அனுப்புவதும் அதேதான். ஆனால் அந்தப் படங்களை வரைந்தவர்கள் பிக்சர் டியூபில் எப்படி விழும் என்று தெரிந்து வரைந்தார்கள்.

1991-இல் வந்த முதல் சோனிக்கில், ஆரம்பக் கட்டத்திலேயே அருவி வரும். அங்கே கேமை நிறுத்திவிட்டு டிவிக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள். தண்ணீர் முழுசாக இருக்காது. செங்குத்தாக ஒரு கோடு நீலம், அடுத்த கோடு காலி, மறுபடி நீலம் என்று போகும். காரணம் இருக்கிறது. ஒரு படத்தின் மேல் இன்னொன்றைப் பாதி ஊடுருவிக் காட்டும் வசதி சூப்பர் நின்டெண்டோவில் இருந்தது, மெகா டிரைவில் அப்படி இல்லை. அதனால் ஒரு கோடு விட்டு ஒரு கோடு வரைந்தார்கள். மஞ்சள் பின் கேபிளில் போகும் சிக்னலுக்கு அவ்வளவு பொடிக் கோடுகளைப் பிரித்துக் காட்டத் திராணி கிடையாது. நீலமும் பின்னால் இருக்கும் பாறையும் கலந்து, பாறை தெரிகிற தண்ணீராகவே திரையில் வரும். கவனித்துப் பார்த்தால் அதில் லேசாக வானவில் நிறமும் ஓடும். நிழல், வானம், புகை எல்லாவற்றிலும் இதே வேலை நடந்தது. 512 நிறத்தில் ஒரே நேரத்தில் 64-ஐத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்ற மெஷினில், இல்லாத நிறத்தை இப்படித்தான் உண்டாக்கினார்கள்.

எச்டிஎம்ஐ வழியாகப் போகும்போது எதுவும் கலக்காது. வரைந்தவர் பாதியில் விட்ட படத்தை நீங்கள் பார்க்கிறீர்கள். மீதியைத் திரும்பக் கொண்டுவரத்தான் ஷேடர், அதாவது படம் திரைக்குப் போகும் முன் அதை மாற்றிக் கொடுக்கும் சின்ன புரோகிராம்.

திருச்சி: ஸ்கேன்லைன் ஓவர்லே போட்டேன் சார். படம் இருட்டாகி, கொசுவலை வழியாப் பார்க்கிற மாதிரி இருக்கு. இதுதான் சிஆர்டி லுக்கா?

இல்லவே இல்லை. (சிஆர்டி என்றால் பழைய பிக்சர் டியூப் டிவிதான், ஸ்கேன்லைன் என்றால் அதில் தெரியும் கிடைவரி.) இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் "சிஆர்டி லுக் எனக்குச் சரிப்படாது" என்று போய்விடுகிறார்கள், எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம் உண்டு.

ஓவர்லே என்பது எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் கருப்புக் கோடு போடுவது. டியூபில் யாரும் கருப்புக் கோடு போடவில்லை. எலக்ட்ரான் கற்றை ஒரு வரியை இழுக்கிறது, கொஞ்சம் இறங்கி அடுத்த வரியை இழுக்கிறது, நடுவில் கற்றை படாத இடம் இருட்டாக இருக்கிறது, அவ்வளவுதான். முக்கியமான விஷயம், வெளிச்சம் கூடக் கூட அந்த வரி பருக்கும். வெள்ளை மேகம் வரும் இடத்தில் வரிகள் பருத்து இடைவெளியே மூடிவிடும். கருநீல வானத்தில் வரி மெலிந்து இடைவெளி நன்றாகத் தெரியும். ஒரே திரையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இதைச் செய்யாத எதுவும் வலைதான்.

அதற்கு மேல் மாஸ்க். பழைய டிவி வேலை செய்யும்போது செல்போன் கேமராவைக் கண்ணாடிக்கு நெருக்கி வைத்துப் பார்த்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிச் சின்னப் பட்டைகளாகத் தெரியும். சோனி 1968-இல் கொண்டுவந்த டிரினிட்ரானில் அவை மேலிருந்து கீழ்வரை முறியாமல் ஓடும் நெடுங்கோடுகள். வேறு பல டிவிகளில் கல் அடுக்கியதுபோல மாற்றி மாற்றி அமைந்த குட்டைப் பட்டைகள். நல்ல ஷேடர் இந்த மாஸ்க்கையும் போடும்.

இப்போது உங்கள் இருட்டுப் பிரச்சினை. வரிகளுக்கு நடுவில் இருட்டு, மாஸ்க்கினால் இன்னும் இருட்டு, ஆக டிவியின் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் போய்விடும். அதனால் முதலில் பேக்லைட்டை உச்சத்தில் வையுங்கள். டிவியில் எச்டிஆர் (அதிக வெளிச்சம் காட்டும் வசதி) இருந்தால் ரெட்ரோஆர்ச்சிலும் எச்டிஆரை ஆன் செய்யுங்கள், 2022-இல் வந்த 1.10 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது. சாதாரணமாக டிவி அடக்கி வைத்திருக்கும் வெளிச்சத்தை இது திறந்துவிடும். வெளிச்சம் போதாத டிவி என்றால் மாஸ்க்கைப் பாதியாகக் குறையுங்கள், ஸ்கேன்லைனைத் தொடாதீர்கள்.

கோவை: எந்த ஷேடர் போடலாம்? என்கிட்ட ஆண்ட்ராய்டு பாக்ஸ்தான் ப்ரோ.

பாக்ஸுக்கு இசட்ஃபாஸ்ட்-சிஆர்டி அல்லது சிஆர்டி-ஈஸிமோட். ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் என்றால் அதற்காகவே எழுதிய சிஆர்டி-பை. கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் இருந்தால் நேராக சிஆர்டி-கெஸ்ட்-அட்வான்ஸ்டுக்குப் போய்விடுங்கள், நான் வைத்திருப்பது அதுதான். சிஆர்டி-ராயலும் அருமை, ஆனால் கனம். டிவி பெட்டியின் சட்டத்தையும் அதில் விழும் பிரதிபலிப்பையும் சேர்த்துக் காட்டும் மெகா பெசலை ஒரு சாயங்காலம் ரசிக்கலாம், தினமும் விளையாட எனக்கு அது வேண்டாம்.

மதுரை: 1080பி டிவி. வரிகள் ஒண்ணு தடிமனா, ஒண்ணு மெலிசா வருது. நகர்ந்தா அலை அலையாத் தெரியுது.

வகுத்தல் கணக்குதான் பிரச்சினை. 1080-ஐ 224-ஆல் வகுத்தால் 4.82. முழு எண் இல்லாததால் ஒரு வரிக்கு 5 பிக்சல் கிடைக்கிறது, இன்னொன்றுக்கு 4. வீடியோ அமைப்பில் முழு எண் மடங்கில் மட்டும் பெரிதாக்கும் இன்டிஜர் ஸ்கேலை ஆன் செய்து 5 மடங்குக்குப் போங்கள். உயரம் 1120 ஆகும், மேலும் கீழும் கேமின் நான்கு நான்கு வரி வெட்டுப்படும். கவலை வேண்டாம், அந்த ஓரங்கள் பெட்டி டிவியிலும் சட்டத்துக்குள் ஒளிந்துதான் இருந்தன, அங்கே முக்கியமாக எதையும் வைக்க மாட்டார்கள். வளைந்த திரை எஃபெக்டை அணைத்துவிடுங்கள். 1080பியில் அலை அடிப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

4கே வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. ஓரங்களையும் சேர்த்து 240 வரி என்று வைத்தால், அதை 9-ஆல் பெருக்க மிகச்சரியாக 4கே டிவியின் உயரமான 2160. ஒரு வரிக்கு 9 பிக்சல் இருப்பதால் வரி பருப்பதையும் மெலிவதையும் அழகாகக் காட்ட முடியும்.

சென்னை: டிவி செட்டிங்கில் என்ன மாற்றணும் சார்?

கேம் மோட் கட்டாயம். இல்லையென்றால் பட்டன் அமுக்கியதற்கும் மாரியோ குதிப்பதற்கும் நடுவில் தாமதம் தெரியும். ஷார்ப்னெஸை நன்றாக இறக்குங்கள், ஏற்றி வைத்தால் ஷேடர் கஷ்டப்பட்டு மென்மையாக்கிய ஓரத்துக்கெல்லாம் டிவி வெள்ளை விளிம்பு கட்டும். அசைவை வழவழப்பாக்கும் வசதி எந்தப் பெயரில் இருந்தாலும் அணைக்கவும். படத்தின் ஓரத்தை டிவி வெட்டாதபடி 'ஸ்கிரீன் ஃபிட்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கேன்' வைக்கவும். எச்டிஎம்ஐ போர்ட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றினால் பல டிவிகளில் நிறம் குறைக்கப்படாமல் முழுசாக வரும். மாஸ்க்கின் பொடிப் பட்டைகளுக்கு அது தேவை.

அப்புறம், படத்தை 16:9-க்கு இழுக்காதீர்கள். 4:3-இலேயே இருக்கட்டும், இரண்டு பக்கமும் கருப்பாக இருந்தால் இருக்கட்டும். இழுத்த படத்தில் எந்த ஷேடரும் எடுபடாது.

யாழ்ப்பாணம்: அண்ணை, நாங்கள் சின்னனில விளையாடின டிவி கேமில மாரியோ பாட்டு ஆறுதலாப் போகும். எமுலேட்டரில வேகமாக் கிடக்கு. ஷேடர் போட்டா அந்தப் பழைய மாதிரி வருமோ?

ஷேடரால் வராது, ஆனால் இதற்கு நேரான வழி இருக்கிறது. இவ்வளவு கூர்மையாகக் கவனித்திருக்கிறீர்களே, சந்தோஷமாக இருக்கிறது.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 முறை படம் போடும். இலங்கையிலும் இந்தியாவிலும் 'பால்' (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறை, அதில் 50 தடவை. நம் ஊர்க் கடைகளில் விற்ற டிவி கேம்கள் நின்டெண்டோவின் நகல்கள். 60-க்கு எழுதிய கேமை 50-இல் ஓட்டுவதற்காகவே அந்த நகல் சிப்புகளை அமைத்திருந்தார்கள். பாட்டும் ஓட்டமும் படத்தின் எண்ணிக்கையை வைத்து நகர்வதால் எல்லாம் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் போகும். சுருதி மட்டும் அநேகமாக மாறாது, ஏனென்றால் பிராசஸரின் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸுக்குப் பதில் 1.77 என்று கிட்டத்தட்ட அதே அளவில்தான் இருந்தது.

ரஷ்யாவில் 1992-இல் வந்த 'டெண்டி'யும் இதே வகை நகல். அதனால் ரெட்ரோஆர்ச்சில் நின்டெண்டோ கேம்களை ஓட்டும் எஃப்சிஇயு-எம்எம், மெசன் இரண்டிலும் ரீஜன் என்ற இடத்தில் 'டெண்டி' என்றே ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டு, டிவிக்குப் போகும் ரெஃப்ரெஷை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) 50 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். 60-லேயே விட்டால் படம் குதித்துக் குதித்து நகரும்.

பெங்களூர்: ஷேடர் எல்லாம் சரியா இருக்கு, நின்ன இடத்துல சூப்பர். சோனிக் ஓட ஆரம்பிச்சா பின்னணி கலங்கிடுது.

இன்றைய திரை ஒரு படத்தை அடுத்தது வரும்வரை, அதாவது 16.7 மில்லிநொடி, அசையாமல் பிடித்து வைக்கிறது. கண் நகர்ந்துகொண்டே இருக்கும், படம் நிற்கும், அதனால் கலங்கல். டியூபில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து அணைந்துவிடும். 120 ஹெர்ட்ஸ் டிவி என்றால் ரெட்ரோஆர்ச்சில் பிளாக் ஃபிரேம் இன்சர்ஷனை ஆன் செய்யுங்கள், ஒரு படம், ஒரு இருட்டு என்று மாறி வரும். கலங்கல் பாதியாகும், வெளிச்சமும் பாதியாகும். 2024 கடைசியில் கற்றை மேலிருந்து கீழே இறங்குவதையே நடித்துக் காட்டும் ஷேடர் ஒன்றும் வந்தது, 240 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ள மானிட்டரில் அது பிரமாதம். திரை மினுங்கினால் தலைவலி வருகிறவர்களும், வலிப்பு உள்ளவர்களும் இரண்டையும் தொட வேண்டாம்.

விழுப்புரம்: பரண்ல அரசு கொடுத்த இலவச கலர் டிவி கிடக்கு சார், 14 இன்ச். அதையே பயன்படுத்தலாமா?

தாராளமாக. 2006-க்குப் பிறகு தமிழ்நாட்டில் வீடு வீடாகப் போன அந்த 14 இன்ச் டிவிகள் சும்மா கிடப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. ஏவி இன் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ராஸ்பெரி பை 4-இல் ஹெட்போன் ஜாக் வழியாகவே வீடியோ வரும், முனையில் மூன்று கருப்பு வளையம் போட்டு நான்கு பகுதியாகப் பிரித்த பின் உள்ள கேபிள் வேண்டும். கேபிளுக்குக் கேபிள் உள்ளே இணைப்பு வரிசை மாறும் என்பதால் கடையில் ராஸ்பெரி பைக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள். ஷேடர் அத்தனையையும் அணைத்துவிட்டு ஓட்டுங்கள், நிஜ டியூபுக்கு அது தேவையில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. படம் வரவில்லை என்று பின்மூடியைக் கழற்றாதீர்கள். டியூபுக்குப் போகும் மின்னழுத்தம் 20,000 வோல்ட் அளவில் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். பழைய டிவி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

தஞ்சாவூர்: டக் ஹன்ட் துப்பாக்கி புது டிவியில வேலை செய்யுமா அண்ணா?

செய்யாது. சுட்டதும் திரை ஒரு கணம் கருப்பாகி, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். அந்த வெளிச்சம் டியூபின் தாளத்தில், அந்த நொடியிலேயே வந்ததா என்று துப்பாக்கி பார்க்கும். புது டிவி அந்தத் தாளத்தில் எரிவதும் இல்லை, நேரத்துக்கு வருவதும் இல்லை. கேமரா வைத்து, திரையைச் சுற்றி வரும் வெள்ளைச் சட்டத்தைப் பார்த்து இடம் கண்டுபிடிக்கும் சின்டென் துப்பாக்கி இப்போதைக்கு ஒரு வழி.

சிங்கப்பூர்: ஒரே ஷேடரை எல்லா கேமுக்கும் வெச்சுக்கலாமா?

கூடாது என்பேன். மெகா டிரைவுக்கு மஞ்சள் கேபிளின் கலப்பைக் காட்டும் என்டிஎஸ்சி (அமெரிக்க, ஜப்பான் டிவி முறை) வகை ஷேடர் வேண்டும், அது இல்லாமல் அருவி கோடாகவே இருக்கும். கடைகளில் காசு போட்டு ஆடிய ஆர்கேட் மெஷின்களுக்கு அந்தக் கலப்பு தப்பு. அவற்றில் மூன்று நிறமும் தனித்தனி வயரில் மானிட்டருக்குப் போனதால் படம் சுத்தமாக இருந்தது, ஸ்கேன்லைனும் மாஸ்க்கும் போதும். பழைய கம்ப்யூட்டரின் டாஸ் கேம்களில் 320-க்கு 200 படத்தின் ஒவ்வொரு வரியையும் அதன் விஜிஏ கிராபிக்ஸ் இரண்டு முறை இழுத்தது, அதனால் தடித்த ஸ்கேன்லைன் அங்கே இருந்ததே இல்லை. கேம்பாய் எல்சிடி, அதற்கு சிஆர்டி ஷேடர் போடுவதில் அர்த்தமே இல்லை, எல்சிடி-கிரிட் வகையைப் போடுங்கள்.

ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். ஷேடர் மெனுவில் சேவ் என்ற இடத்தில் 'கோர் ப்ரீசெட்' என்று கொடுத்தால் (கோர் என்பது ரெட்ரோஆர்ச்சுக்குள் இருக்கும் தனித்தனி எமுலேட்டர்) அந்த மெஷினின் எல்லா கேமுக்கும் தானாக வரும், 'கேம் ப்ரீசெட்' என்றால் அந்த ஒரு கேமுக்கு மட்டும். முதலில் மெஷின் வாரியாக வைத்துவிட்டு, சோனிக் மாதிரி சிலதை மட்டும் தனியாகச் சேமியுங்கள்.