பெட்டி டிவி போனால் கேமும் போச்சா?

கேள்வி: எங்கள் காக்கா (அண்ணன்) 2007-ல் துபாயிலிருந்து கொண்டுவந்த பிளேஸ்டேஷன் 2 கேம் மெஷின் இன்னும் ஓடுகிறது. பெட்டி டிவி போனதும் 43 இன்ச் எல்.இ.டி. வாங்கினோம். அதில் போட்டால் ஆட்கள் எல்லாம் குண்டாகத் தெரிகிறார்கள், படமும் மங்கல். மெஷின் போச்சு என்கிறார் கடைக்காரர். தூக்கிப் போட்டுவிடலாமா?
- வாசகர், கீழக்கரை

பதில்: போடாதீர்கள், மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. அது 2000-ல் வந்தது. அப்போதைய டிவிக்கு அகலம் நாலு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு. இன்றைய திரை 16-க்கு 9. உங்கள் டிவி அந்தப் பழைய படத்தை ரப்பர் மாதிரி இழுத்துத் திரை முழுக்க நிரப்புகிறது, அதான் ஆள் குண்டு. மெனுவில் ஓரமாக வட்டம் பட்டன் படம் காட்டுமே, அதைப் பாருங்கள், படுத்த முட்டை மாதிரி இருக்கும். டிவி ரிமோட்டில் பிக்சர் சைஸை 4:3-க்கு மாற்றினால் அது உருண்டையாகிவிடும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், காசு கொடுத்து வாங்கிய திரை வீணாகிறதே என்று வீட்டில் யாராவது சொல்வார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.

மெஷினின் சிஸ்டம் கான்ஃபிகரேஷனிலும் ஸ்கிரீன் சைஸ் என்று ஒன்று உண்டு: 4:3, ஃபுல், 16:9. அங்கே மாற்றினால் எல்லா கேமும் மாறிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள், பெரும்பாலான கேம்கள் அதைச் சட்டை செய்வதே இல்லை. கேமின் சொந்த ஆப்ஷன்ஸில் வைட்ஸ்கிரீன் இருந்து, அதை ஆன் செய்தால் மட்டும் டிவியையும் 16:9-க்குக் கொண்டுபோங்கள்.

சரி, மங்கலுக்கு வருவோம். நம் ஊர் டிவிக்கான பால் (PAL) என்ற முறையில் படம் 576 வரி, ஆனால் ஒரேயடியாக வராது, ஒற்றைப்படை வரிகள் ஒருமுறை, இரட்டைப்படை வரிகள் ஒருமுறை என்று நொடிக்கு 50 தடவை பாதிப் பாதியாக வரும். பிக்சர் டியூப் வந்ததை வந்தபடி வரைந்துவிடும். எல்.இ.டி. இரண்டையும் கோத்து, ஆயிரத்துச் சொச்சம் வரிக்குப் பெரிதாக்கி, அப்புறம்தான் காட்டும். அதில் படமும் குழைகிறது, நேரமும் போகிறது. பட்டனை அமுக்கினால் ஆள் கொஞ்சம் தாமதமாகக் குதிக்கிறானா? டிவியில் கேம் மோடு இருந்தால் போடுங்கள்.

இன்னொன்று, மெஷினிலிருந்து டிவியில் செருகுகிற வயரின் மஞ்சள் பின். வெளிச்சம், நிறம் எல்லாம் அந்த ஒரே வயரில் திணிந்து வருகிறது. உங்கள் டிவியில் பச்சை, நீலம், சிவப்பு ஓட்டைகள் இருந்தால், படத்தை மூன்று வயராகப் பிரித்துக் கொண்டுவரும் கம்போனன்ட் கேபிள் வாங்குங்கள். என் வீட்டில் மாற்றிய அன்றே சின்ன எழுத்துகளைச் சுற்றி ஊறிக்கிடந்த சிவப்பு போய்விட்டது. கடற்கரை ஊர் வேறு, பின்னில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் முதலில் அதைத் துடையுங்கள்.

கேள்வி: சின்ன வயதில் டிவி கேமில் வாத்து சுடுவோம். பிள்ளைகளுக்காக அதே மாதிரி செட் வாங்கினேன். புது டிவியில் ஒரு வாத்துகூட விழவில்லை.
- வாசகர், மண்டபம்

பதில்: விழாது. துப்பாக்கியிலிருந்து எதுவும் பாய்வதில்லை, அதன் வாயில் இருப்பது வெளிச்சத்தைப் பார்க்கும் ஒரு கண். நின்டென்டோ 1984-ல் விட்ட டக் ஹன்ட்டில் விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் மின்னும். கறுப்புக்கு அடுத்து வெள்ளை தெரிந்தால்தான் அடி. (குண்டு பல்பைப் பார்த்துச் சுட்டு ஏமாற்றப் பார்த்துத் தோற்றவன் நான்.) எல்.இ.டி.யில் அந்தக் கட்டம் வந்து சேர்வதற்குள் மெஷின் கணக்கை முடித்துவிடுகிறது. டியூப் டிவி தேடுங்கள், வேறு வழி இல்லை.

கேள்வி: அரசு கொடுத்த இலவச 14 இன்ச் கலர் டிவி பரணில் கிடந்தது. எடுத்துப் போட்டால் மூலையில் ஊதாக் கறை.
- வாசகி, தொண்டி

பதில்: பக்கத்தில் ஸ்பீக்கர் இருந்தால் தள்ளி வையுங்கள், அதன் காந்தம்தான் கறையாகத் தெரிகிறது. டிவியை ரிமோட்டில் அல்ல, மெயின் சுவிட்சில் அணைத்து, அரை மணி கழித்துப் போடுங்கள், உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (coil) ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கறையை எடுக்கும். பின்மூடியை மட்டும் கழற்றாதீர்கள், டியூபில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும். விற்கிற எண்ணம் இருந்தால் எழுதுங்கள், மண்டபத்தில் ஒருவர் வாத்தோடு காத்திருக்கிறார்.