நுரையீரல் நோய் உள்ளவர்கள் உடற்பயிற்சி செய்யலாமா, ஓய்வுதான் நல்லதா?

செய்யலாம். செய்தே ஆகவேண்டும் என்பேன். நான் மருத்துவர் இல்லை. சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) உள்ள என் அம்மாவோடு இரண்டு வருடமாகத் தினமும் பக்கத்தில் நின்று பயிற்சியை எண்ணிக்கொண்டிருப்பவள்.

அம்மா பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. திருநெல்வேலிப் பக்கம் இருபது வருடம் விறகடுப்பை ஊதி ஊதிச் சமைத்த புகைதான் காரணம். தாராவிக்கு வந்த பிறகு கேஸ் அடுப்பு, ஆனால் பட்டது பட்டதுதான். முதலில் பார்த்த கிளினிக்கில், "வேலை எதுவும் குடுக்காதீங்க, ரெஸ்ட்ல வைங்க" என்றார்கள். நாங்களும் பாசத்தில் குடத்தைத் தொட விடவில்லை, மாடியிலிருந்து இறங்க விடவில்லை. எட்டே மாதத்தில் கட்டிலில் கையை ஊன்றாமல் அவளால் எழ முடியவில்லை. குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன், தொடை வற்றிப்போய்த் தோல் தொங்கியது.

பிறகு வேறொரு மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கும் பெண்தான் விளக்கினார். இந்த நோயில் தொடைத் தசை சீக்கிரம் மெலியும். மெலிந்த தசை கொஞ்ச வேலைக்கே களைத்து, லாக்டிக் அமிலத்தைச் சீக்கிரமே சேர்த்துவிடும். அதை ஈடுகட்ட உடம்பு இன்னும் வேகமாக மூச்சு விடச் சொல்லும். மூச்சு வாங்குதே என்று உட்கார்ந்தால் தசை மேலும் கரையும், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் வாங்கும்.

கையை மார்போடு கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னார். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் உடல் இயக்கத் திறன் குறைவு என்று ஆசிய நாடுகளுக்கான 2019 வரையறை சொல்கிறது. அம்மாவுக்கு 21.

அந்த நாற்காலியையே பயிற்சியாக்கினோம். எழும்போது உதட்டைக் குவித்து, விளக்குச் சுடர் அணையாமல் ஆடுகிற மாதிரி மெதுவாக ஊத வேண்டும். முதல் நாள் நான்கு முறை. "ஏட்டி, எத்தன ஆச்சு?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். அப்புறம் தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலைத் தூக்குவது, மாடி வராந்தாவில் நடப்பது. மூச்சுத் திணறலுக்கு 0 முதல் 10 வரை மார்க் போட்டால் மூன்று நான்கில் நிற்க வேண்டும் என்றார். நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கும் வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு, குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்லியிருக்கிறது. அதை முதல் வாரமே எட்டப் பார்க்காதீர்கள், ஐந்து நிமிடத்தில் தொடங்கினாலே சரி.

மூன்று மாதம் கழித்து எடுத்த நுரையீரல் சோதனையில் எண் அசையவே இல்லை. அசையாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் நாற்காலிக் கணக்கு 13 விநாடிக்கு இறங்கியிருந்தது, படியேறும்போது மூன்று இடத்தில் நின்றவள் ஒரே இடத்தில் நின்றாள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: தொடங்கும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தைப் பார்க்கும் ஆக்சிமீட்டரில் 88-க்குக் கீழே போனால் நிறுத்தச் சொல்லி எங்களுக்கு உத்தரவு, உங்களுக்கு என்ன அளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்துங்கள்.

போன மழைக்காலத்தில் சளி கட்டி மூன்று வாரம் விட்டுப்போயிற்று. பன்னிரண்டு முறை எழுந்தவள் மறுபடி ஐந்தில் தொடங்கினாள். இப்போது ஒன்பது.