வேகன்ஆரைக் கொடுத்துவிட்டுப் பழைய பிக்கப் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. தாராபுரத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு வேலை, தினமும் போக வர 28 கிலோமீட்டர். 2018 மாடல் வேகன்ஆர் வைத்திருக்கிறேன், கடன் முடிந்துவிட்டது, லிட்டருக்கு 18 கிடைக்கிறது. ஊரில் 4 ஏக்கர் முருங்கை. காயை ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கொண்டுபோக குட்டி யானையை (டாடா ஏஸ் சின்ன லாரி) வாடகைக்குப் பிடிக்கிறேன், நடைக்கு 1,500 ரூபாய். போன வருடம் 45 நடை ஆயிற்று. பறிப்பு உச்சத்தில் இருந்தபோது இரண்டு முறை வண்டி கிடைக்காமல் காய் கட்டிலேயே வாடிவிட்டது. என் சின்ன மாமனாரிடம் 2013 பொலேரோ பிக்கப் இருக்கிறது. "உங்க காரைக் கொடுங்க மாப்ளே, இதை எடுத்துக்குங்க, மேற்கொண்டு ஒண்ணும் வேண்டாம்" என்கிறார். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், மூட்டு வலியுள்ள அம்மா. மனைவிக்கு இதில் இஷ்டம் இல்லை. அடுத்த வருடம் இன்னும் 3 ஏக்கர் போடும் யோசனையும் இருக்கிறது. மாற்றலாமா? பிக்கப் ஓட்ட உரிமத்தில் பேட்ஜ் என்ற தனி அனுமதி வேண்டுமா?
— தாராபுரம் வட்டத்து வாசகர்

பதில்: மாற்றாதீர்கள் தம்பி. பிக்கப் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. காரைக் கொடுத்து வாங்காதீர்கள் என்கிறேன். இரண்டும் வேறு வேறு விஷயம். உங்கள் கடிதத்தில் இரண்டும் கலந்து கிடப்பதால்தான் முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறீர்கள்.

முதலில் உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள். அவர் என்ன காரணம் சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் காரணம் கண் முன்னாலேயே இருக்கிறது. நீங்கள் ஐந்து பேர். அந்த பிக்கப்பின் ஆர்.சி.யை (பதிவுச் சான்று) வாங்கி, இருக்கை எண்ணிக்கை என்ற இடத்தைப் பாருங்கள். ஒற்றை கேபின் வண்டி என்றால் ஓட்டுநரையும் சேர்த்து இரண்டோ மூன்றோதான் போட்டிருக்கும். மற்றவர்கள் எங்கே உட்காருவார்கள்? பின்னால் தொட்டியில்தான். பழனிக்கோ ஒரு கல்யாணத்துக்கோ ஊரே அப்படித்தானே போகிறது என்று தோன்றலாம். ஆனால் சரக்கு வண்டியின் காப்பீட்டில் சரக்கின் சொந்தக்காரருக்கும் அவர் அனுப்பிய ஆளுக்கும்தான் பாதுகாப்பு உண்டு, சும்மா ஏறி வரும் பயணிக்குக் கிடையாது. உச்ச நீதிமன்றமே இருபது வருடங்களுக்கு முன்னால் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், அடிபட்டவர் உங்கள் சொந்தப் பிள்ளையாக இருந்தாலும் காப்பீட்டு நிறுவனம் கை விரித்துவிடும், போலீஸ் வழக்கு தனியாக நிற்கும். சட்டத்தை விடுங்கள், தொட்டியில் நிற்கிற பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியைத் தவிர வேறு எதுவும் இல்லை. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

உங்கள் அம்மா விஷயமும் இருக்கிறது. பிக்கப்பின் பின்பக்கம் கமான் பட்டையில் (அடுக்கு இரும்புப் பட்டை ஸ்பிரிங்) நிற்கிறது, ஒரு டன்னுக்கு மேல் சுமப்பதற்காகவே அப்படிச் செய்தது. சுமை ஏறினால் அடங்கி ஓடும். காலியாகப் போனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப்போடும், அந்த அடி நேராக முதுகிலும் முட்டியிலும் இறங்கும். மழை நாளில் காலி வண்டியை வேகமாக ஓட்டிச் சட்டென்று பிரேக் போட்டால், பின்னால் கனம் இல்லாததால் வால் பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். இதைப் பழக்கிக்கொள்ளலாம், நிறைய பேர் ஓட்டுகிறார்கள். ஆனால் மூட்டு வலியோடு இருப்பவரை மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு அதில் ஏற்றி இறக்க வேண்டுமா? கேபின் படியின் உயரத்தை ஒரு தடவை அளந்து பாருங்கள், அம்மாவின் காலை நினைத்துக்கொண்டு.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். நண்பர்கள் 'வாடகை மிச்சம்' என்று சொல்லியிருப்பார்கள். உங்கள் எண்களையே வைத்துப் போட்டுப் பார்க்கலாம்.

ஒட்டன்சத்திரம் போக வர சுமார் 70 கிலோமீட்டர். சுமையோடு பிக்கப் லிட்டருக்கு 11 கொடுத்தால் ஆறரை லிட்டர் டீசல், லிட்டர் 93 ரூபாய் என்றால் கிட்டத்தட்ட 600 ரூபாய். வாடகை 1,500 என்பதால் நடைக்கு 900 மிச்சம், 45 நடைக்கு 40,500. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேகன்ஆர் போய்விட்டதால் அலுவலகத்துக்கும் பிக்கப்பில்தானே போக வேண்டும்? மாதம் 700 கிலோமீட்டருக்கு வேகன்ஆர் 39 லிட்டர் பெட்ரோல் குடிக்கும், பிக்கப் 12 கொடுத்தால்கூட 58 லிட்டர் டீசல். டீசல் விலை குறைவு என்பதையும் கழித்துப் பார்த்தால் மாதம் 1,500, வருடத்துக்கு 18,000 கூடுதல் செலவு.

அடுத்தது இன்சூரன்ஸ், இதைத்தான் பலரும் வண்டியை வாங்கின பிறகு தெரிந்துகொள்கிறார்கள். ஆயிரம் சி.சி.க்குள் இருக்கிற காருக்கு 2022-ல் நிர்ணயித்த தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கான) பிரீமியம் 2,094 ரூபாய். ஏழரை டன்னுக்குள் இருக்கிற சரக்கு வண்டிக்கு அதே வருடம் நிர்ணயித்தது 16,049 ரூபாய், வரி தனி. வருடத்துக்குப் பதினான்காயிரம் வித்தியாசம், வண்டி ஷெட்டில் சும்மா நின்றாலும் கட்டித்தான் ஆக வேண்டும். குட்டி யானைக்கும் இதே பிரீமியம்தான் என்பதால், சின்ன வண்டியாக வாங்கினால் இதில் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம்.

அப்புறம் எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று. சொந்த உபயோகக் காருக்குப் பதினைந்து வருடம் வரை அந்தக் கவலையே இல்லை. இந்த பிக்கப் போல மஞ்சள் போர்டு போட்ட சரக்கு வண்டி எட்டு வயதைத் தாண்டிவிட்டால் வருடா வருடம் காட்ட வேண்டும். கட்டணத்தோடு போகாது; பிரேக் வேலை, டிங்கரிங், பெயின்ட், பிரதிபலிப்பு ஸ்டிக்கர், இரண்டு நாள் லீவு எல்லாம் சேரும். குறைத்துப் போட்டாலும் 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். தேதி தாண்டினால் நாளுக்கு 50 ரூபாய் அபராதம் ஏறும். வண்டிக்கு வயது கூடக் கூட எஃப்.சி. கட்டணமும் கூடும், 2028-ல் இந்த வண்டி பதினைந்தைத் தொடுகிறது. பசுமை வரி சின்னத் தொகைதான், அதை விட்டுவிடலாம்.

ஆக மிச்சம் 40,500, கூடுதல் செலவு 44,000. டயர், கிளட்ச், பம்ப் வேலை எதுவும் இன்னும் சேர்க்கவில்லை. பழைய வண்டிக்குக் காரைவிட வருடம் 20,000 அதிகம் ஆகும் என்று போட்டால், வருடத்துக்கு 70 நடையாவது ஓடினால்தான் இந்த மாற்றத்தில் கையைக் கடிக்காது. நீங்கள் 45-ல் இருக்கிறீர்கள். பகல் முழுக்க அலுவலகத்தில் கணக்கு எழுதிவிட்டு அந்த 45 நடையையும் நீங்களேதான் ஓட்டப்போகிறீர்கள், அந்த உழைப்புக்கு நான் ஒரு ரூபாய்கூடப் போடவில்லை.

பொலேரோ பிக்கப்பைக் குறை சொல்லி இதையெல்லாம் எழுதவில்லை. 2,523 சி.சி. டீசல் இன்ஜின், முதல் கியரில் சேற்று வண்டித்தடத்திலும் நிதானமாக ஏறி வரும். எந்த ஊர்ப் பட்டறையிலும் அதைப் பிரிக்கத் தெரிந்த ஆள் இருப்பார், பாகம் கிடைக்காமல் வண்டி நின்றது என்ற பேச்சே இருக்காது. தினமும் சுமை உள்ளவனுக்கு அது சோறு போடுகிற வண்டி. முருங்கையோ எடையைவிட இடத்தைத்தான் கேட்கும். நீளக் காயைக் கட்டுக் கட்டாக அடுக்கினால் தொட்டி நிறைந்துவிடும், பட்டையோ பாதிகூட அமுங்கியிருக்காது. வண்டியின் பலத்தில் பாதியை நீங்கள் பயன்படுத்தவே மாட்டீர்கள், ஆனால் டீசலும் பிரீமியமும் முழு வண்டிக்குத்தான்.

பேட்ஜ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கார் ஓட்டும் எல்.எம்.வி. உரிமம் இருந்தால் 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை ஓட்டலாம், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வும் இதை உறுதி செய்துவிட்டது. பெர்மிட் வேறு விஷயம். ஆர்.சி.யில் மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் தேவையில்லை, தாண்டினால் வாங்க வேண்டும். பிக்கப்பில் பல எடை மாடல்கள் உண்டு, அதனால் வாய் வார்த்தையை நம்பாமல் ஆர்.சி.யையே பாருங்கள். வெள்ளை போர்டில் குடும்ப வண்டியாகவே பதிகிற பிக்கப்பும் இருக்கிறது, இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போல. அவற்றின் விலை நம் பேச்சுக்கே வராது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த இரண்டு நாள்தான். காய் கட்டிலேயே வாடியது. மூன்று மாதம் தண்ணீர் பாய்ச்சி, பூ உதிராமல் காப்பாற்றி, ஆள் வைத்துப் பறித்துக் கட்டி வைத்த பிறகு வண்டி வரவில்லை என்றால் எப்படி இருக்கும் என்று எனக்குப் புரிகிறது. வாடகைச் செலவைவிட அந்த ஆத்திரம்தான் உங்களை பிக்கப் பக்கம் தள்ளுகிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் உங்களுக்கு வேண்டியது பறிக்கிற நாளில் கட்டாயம் வருகிற ஒரு வண்டி. அது உங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே ஓட்டுநரை நம்பியிருக்காமல், பருவம் தொடங்கும் முன்பே இரண்டு பேரிடம் பேசி, வாரத்தில் எந்தக் கிழமை என்று முடிவு செய்து, கொஞ்சம் முன்பணமும் கொடுத்துவிடுங்கள். பக்கத்துக் காட்டுக்காரரின் காயையும் சேர்த்து ஏற்றினால் வாடகை பாதியாகும், ஓட்டுநருக்கும் நிலையான வேலை என்பதால் உங்களை விட்டுவிட்டு வேறு லோடுக்குப் போகமாட்டார்.

அடுத்த வருட 3 ஏக்கர் வந்தால் கணக்கு மாறும், அதை ஒப்புக்கொள்கிறேன். பி.கே.எம்-1 போன்ற செடி முருங்கை என்றால் விதைத்து ஆறு மாதத்திலேயே காய்ப்புக்கு வந்துவிடும், நடை எண்ணிக்கை சட்டென்று ஏறும். அப்போதும் வேகன்ஆரை விற்காமல் தனியாக ஒரு பிக்கப் வாங்குவதைத்தான் யோசிக்க வேண்டும். வண்டியில் முடங்கும் மூன்றரை லட்சத்துக்கு வட்டியையும் சேர்த்துப் பார்த்தால், வருடம் 90 நடைக்குப் பக்கத்தில் வரும்போது அது சரியாக நிற்கும். அதற்குக் கீழே வாடகையே மலிவு.

அப்படி வாங்குகிற நாள் வந்தால் சொந்தக்காரர் வண்டி என்பதற்காகப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். காலையில் இன்ஜின் சூடாவதற்கு முன்னால் போய் முதல் ஸ்டார்ட்டை நீங்களே கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளக் கூடாது, தள்ளினால் இன்ஜின் வேலை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். கீழே படுத்து, பின் பட்டை சேசிஸில் சேருகிற இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே புது வெல்டிங்கோ விரிசலோ, கூடுதலாகச் சேர்த்த பட்டையோ இருந்தால் அந்த வண்டி தன் அளவுக்கு மேல் சுமந்திருக்கிறது. அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி, பைனான்ஸ் பதிவு, கட்டாத அபராதம் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். பைனான்ஸ் கடனை அடைத்திருந்தாலும் ஆர்.சி.யில் அந்தப் பதிவு நீக்கப்படாமலே கிடக்கும் வண்டிகள் ஏராளம்.

பெயர் மாற்றமும் முக்கியம். சொந்தத்துக்குள் வண்டிக்கு வண்டி மாற்றிக்கொள்பவர்கள் 'மெதுவாகப் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுவார்கள். உங்கள் பெயரில் இருக்கும் வரை வேகன்ஆர் எங்கே யாரை இடித்தாலும் நஷ்ட ஈட்டு வழக்கு உங்களைத் தேடித்தான் வரும். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தாகாமல் சாவி கை மாறவே கூடாது.

இனி சின்ன மாமனாரிடம் எப்படிச் சொல்வது? முகத்தில் அடித்தாற்போல் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. அவருடைய பிக்கப் தினமும் ஓடுகிற வண்டி மாதிரித் தெரியவில்லை, ஓடினால் காரோடு மாற்றிக்கொள்ள முன்வந்திருக்க மாட்டார். அதனால் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "மாமா, இந்தப் பருவத்துக்கு உங்க வண்டியையே வாடகைக்குக் கொடுங்க, டீசல் நான் போட்டுக்கறேன், நடைக்கு இவ்வளவுன்னு பேசிக்கலாம்." அவருக்கு வருமானம், உங்களுக்குப் பறிப்பு நாளில் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு வண்டி, உங்கள் மனைவிக்கும் நிம்மதி. நாற்பது நடை நீங்களே ஓட்டிப் பார்த்தால் அந்த வண்டியின் குணமும் தெரிந்துவிடும், அடுத்த வருடம் வாங்குவதா வேண்டாமா என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது. அவர் சரி என்றால், முதல் லோடு ஏற்றும் முன் அந்த வண்டியின் எஃப்.சி., இன்சூரன்ஸ் இரண்டும் பருவம் முடிகிற வரை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.