இரண்டாவது கிளப் தஞ்சாவூரில்

மும்பை மாட்டுங்காவில் ஞாயிறு காலை நம் ஆட்கள் கேட்டதும், ரோட்டரி என்ற உலகச் சேவை அமைப்பின் இளைஞர் கிளப்புகளோடு பல வருடம் பழகிய நான் சொன்னதும்.

சயானிலிருந்து ஒரு அம்மா: பள்ளியில் இன்டராக்ட் என்று ஒன்றில் சேரச் சொல்கிறார்களாம். சேர்க்கலாமா?

தாராளமாகச் சேருங்கள் அம்மா. 12 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு ரோட்டரி நடத்தும் சேவைக் கிளப் அது. முதல் கிளப் 1962 நவம்பரில் அமெரிக்காவில், ஃப்ளோரிடாவின் மெல்போர்ன் உயர்நிலைப் பள்ளியில் 23 பேரோடு தொடங்கியது. இரண்டாவது எங்கே தெரியுமா? நம்ம தஞ்சாவூரில், அதே வருடம்! தஞ்சாவூர் சேர்ந்த பிறகுதான் இன்டராக்ட் ஒரு நாட்டைத் தாண்டிய இயக்கமானது. அப்போது ரோட்டரியின் உலகத் தலைவர் கல்கத்தாக்காரரான நிதீஷ் லஹரி. ஆசியாவிலிருந்து அந்தப் பதவிக்குப் போன முதல் ஆள் அவர். இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை என்பது என் பெரிய வருத்தம்.

செம்பூரிலிருந்து ஒரு அக்கா: பெண் பிள்ளைகளுக்கும் இடம் உண்டா?

இப்போது உண்டு. ஆனால் அந்த முதல் 23 பேரும் பையன்கள். 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் தொடங்கிய ரோட்டரியும், 1929இல் வந்த நம் பம்பாய் கிளப்பும் ஆண்களுடையவைதான். கலிஃபோர்னியாவில் டுவார்ட்டே கிளப் பெண்களைச் சேர்த்ததற்காக வெளியே தள்ளப்பட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987இல் பெண்கள் பக்கம் தீர்ப்பானது. 1989இல் ரோட்டரி தன் விதியையே மாற்றியது. போராடி வாங்கிய இடம் அக்கா, உங்கள் பெண் தலைவர் பதவிக்கே நிற்கட்டும்.

தாராவியிலிருந்து ஒரு தம்பி: ரோட்டராக்ட் என்றால் பெரியவர்களுக்கு எடுபிடியா?

இல்லை தம்பி. 18 வயது தாண்டியவர்களுக்கான ரோட்டரியின் இளைஞர் கிளப் அது. 1968இல் வட கரோலினாவின் சார்லட்டில் தொடங்கியபோது ரோட்டரி கிளப்பின் நிழலில்தான் இருந்தது. 2019இல் ரோட்டராக்ட் கிளப்புகளும் ரோட்டரியின் உறுப்பினர்களாக ஏற்கப்பட்டன. அடுத்த வருடம் 30 வயது என்ற உச்சவரம்பும் போனது. அவ்வளவுதான், சேர்!

முலுண்டிலிருந்து ஒரு அப்பா: எல்லாம் சர்டிஃபிகேட்டுக்காகத்தானே?

சில இடங்களில் அப்படித்தான், மறைக்கவில்லை. ஒரு பள்ளியில் கூட்டக் குறிப்பு நோட்டை வாங்கிப் பார்த்தேன். வருடம் முழுக்க டீச்சரின் கையெழுத்து! பிள்ளைகள் ஒரு வரிகூட எழுதவில்லை. மனசு கனத்துப் போனது. இன்னொரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பெண், ‘முப்பது நோட்டு வாங்கினோம், இரண்டு குறைந்தது, என் தவறு’ என்று பேனாவால் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தாள். அந்தப் பக்கத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. உங்கள் பையன் சேர்ந்தால் நோட்டை யார் எழுதுகிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

அதே தம்பி: என் தங்கச்சி பள்ளியில் இன்டராக்ட் இல்லையே?

பள்ளிதான் வேண்டும் என்றில்லை, குடியிருப்புப் பிள்ளைகளை வைத்தும் தொடங்கலாம். ஒரு ரோட்டரி கிளப் பொறுப்பேற்க வேண்டும். வருடத்துக்குக் குறைந்தது இரண்டு பணி: ஒன்று பள்ளிக்கோ ஊருக்கோ, மற்றது பிற நாட்டு மக்களைப் புரிந்துகொள்ள. சரி, அடுத்த ஞாயிறு தங்கச்சியையும் அவள் சிநேகிதிகளையும் கூட்டிக்கொண்டு வா, ரோட்டரி ஆட்களிடம் நான் பேசி வைக்கிறேன்.