கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன்: பழைய ஆட்டோமேட்டிக் கார் கேள்வி – பதில்

இந்த இதழில் பழைய ஆட்டோமேட்டிக் சின்னக் கார்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். 'ஆட்டோமேட்டிக்' என்று ஒரே பெயரில் சொன்னாலும் ஐ10-இல் இருப்பது டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கடத்துவது), பழைய சிட்டியில் சிவிடி (படிப்படியான கியர் இல்லாமல் பெல்ட்டால் ஓடுவது), செலேரியோவில் ஏஎம்டி (மேனுவல் பெட்டியையே தானாக இயக்குவது). ஒன்றுக்குச் சொல்லும் வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது. கேட்கும்போது மாடலையும் வருடத்தையும் மறக்காமல் எழுதுங்கள்.

கேள்வி: 2010 மாடல் ஹூண்டாய் ஐ10, 1.2 ஆட்டோமேட்டிக். 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் முதல் தடவை ரிவர்ஸ் போட்டால் மூன்று, நான்கு விநாடி கழித்துத்தான் வண்டி நகர்கிறது. சூடானபின் சரியாகிவிடுகிறது. கியர் ஆயில் இதுவரை மாற்றியதில்லை. மெக்கானிக் கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார். இத்தனை வருடம் கழித்து ஆயில் மாற்றினால் பாக்ஸே போய்விடும் என்றும் சொல்கிறார்கள். (மதுரை வாசகர்)

இறக்க வேண்டாம், இப்போதைக்கு. நல்ல பாக்ஸில் நியூட்ரலிலிருந்து 'டி'க்குப் போட்டால் ஒரு விநாடி அளவிலும், 'ஆர்'க்குப் போட்டால் ஒன்றரை விநாடிக்குள்ளும் வண்டி பிடித்துக்கொள்ள வேண்டும். குளிர்ந்திருக்கும்போது மட்டும் தாமதம் என்றால் முதல் சந்தேகம் ஆயில் குறைவு. குளிரில் ஆயில் சுருங்கி மட்டம் இன்னும் இறங்கும். பம்ப் காற்றை உறிஞ்சும். அழுத்தம் ஏற நேரமாகும். இரண்டாவது சந்தேகம், உள்ளே கிளட்ச் பிஸ்டன்களின் ரப்பர் சீல்கள் இறுகிப்போயிருப்பது. சூட்டில் அவை கொஞ்சம் இளகுவதால் பிரச்சினை மறைந்ததுபோல் தெரியும்.

மட்டம் பார்ப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பத்து நிமிடமாவது ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள். சமதரையில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும். பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைகளிலும் ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். அதன்பின் டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகி எடுத்தால் மட்டம் 'ஹாட்' கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். துடைக்க நூல் பிரியும் பனியன் துணி வேண்டாம். ஒரு இழை போதும், வால்வ் பாடிக்குள் (ஆயில் அழுத்தத்தைப் பிரித்து அனுப்பும் பகுதி) ஒரு வால்வ் சிக்கிக்கொள்ள. அதிகமாக ஊற்றுவதும் குறைவைப் போலவே கெடுதல்: சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்கு அழுத்தம் வராது.

இனி ஆயிலைப் பாருங்கள். சிவப்பாகவோ லேசான பழுப்பாகவோ இருந்தால் நல்லது. கரும்பழுப்பு, ஆனால் கருகிய வாடை இல்லை, கியர்களும் ஒழுங்காக மாறுகின்றன என்றால் தாராளமாக மாற்றலாம். கருகிய வாடை, ரேஸ் கொடுத்தால் ஆர்பிஎம் மட்டும் ஏறி வண்டி இழுக்காமல் இருப்பது, இரண்டும் சேர்ந்திருந்தால் கிளட்ச் தகடுகள் ஏற்கெனவே தேய்ந்துவிட்டன. அந்த நிலையில் ஆயில் மாற்றியவுடன் பாக்ஸ் படுத்துவிட்டது என்றுதான் ஊரில் கதை பரவுகிறது. பாக்ஸ் முன்பே போய்விட்டது, பழி ஆயிலுக்கு.

மாற்றும் முறையும் முக்கியம். மெஷின் வைத்து அழுத்தத்தில் 'ஃப்ளஷ்' பண்ணுவது பழைய பாக்ஸுக்கு வேண்டாம். அடியில் படிந்த கசடு கிளம்பி வால்வ் பாடிக்குள் போகும். டிரெயின் போல்ட்டைக் கழற்றி வடிய விட்டு, வந்த அளவை ஒரு கேனில் அளந்து, அதே அளவு புதியதை ஊற்றுவதே போதும். இப்படி வடிப்பதில் மொத்த ஆயிலும் வராது. கன்வெர்ட்டருக்குள் இருப்பது தங்கிவிடும். பாதி வருகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு முறை மாற்றும்போது 50 சதவீதம் புதிது, இரண்டாம் முறை 75, மூன்றாம் முறை 87. இடையில் 500 முதல் 1,000 கி.மீ. ஓட்டுங்கள். எஸ்பி-3 தர ஏடிஎஃப்தான் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) இதற்குரியது. 'எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும்' என்று லேபிள் ஒட்டிய டப்பா வேண்டாம். டிரெயின் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

மூன்று முறை மாற்றியும் காலைத் தாமதம் அப்படியே இருந்தால் சீல்தான். அப்போது இறக்குவதைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: அதே ஐ10, 2011. மழையில் ஓட்டிவிட்டு வந்தபின் மூன்றாவது கியரிலேயே நிற்கிறது. பிக்கப் இல்லை. ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணினால் கொஞ்ச நேரம் சரியாக ஓடுகிறது. (நாகர்கோவில்)

இது பாதுகாப்பு முறை. கியர் பாக்ஸைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்கு ஏதோ ஒரு சென்சாரின் தகவல் நம்பும்படி இல்லாவிட்டால், மற்ற கியர்களை விட்டுவிட்டு மூன்றாவதில் பூட்டிவிடும். நீங்கள் வீடு போய்ச் சேரட்டும் என்பதற்கான ஏற்பாடு. ஆஃப் செய்து போட்டதும் சரியாகிறது என்பதால், கோளாறு இயந்திரத்தில் இருப்பதைவிட மின்சாரப் பக்கம் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பாட்டரி கழற்றுவதற்கு முன் ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) போடுங்கள். கழற்றினால் பதிவான கோளாறுக் குறியீடுகள் அழிந்துபோகலாம். பி0715 என்றால் உள்சுழற்சி சென்சார், பி0720 என்றால் வெளிச்சுழற்சி சென்சார், பி0705 என்றால் லீவர் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் இன்ஹிபிட்டர் சுவிட்ச். மழையோடு தொடர்பு இருப்பதால் சென்சாரை வாங்குவதற்கு முன் அதன் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள்: பச்சை பூத்த உலோக ஊசி, கிழிந்த ரப்பர் சீல், எலி கடித்த வயர். எலக்ட்ரிக்கல் கிளீனர் அடித்து உலர்த்திப் போட்டாலே பல வண்டிகள் சரியாகிவிடும். பாட்டரியையும் விடாதீர்கள். ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் குறையாமலும், இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரையும் காட்ட வேண்டும்.

பி0731 முதல் பி0734 வரை வந்தால் கதை வேறு. கியர் விகிதம் தவறு என்று பொருள். உள்ளே ஏதோ வழுக்குகிறது.

கேள்வி: 'பி'யிலிருந்து லீவர் அசையவே மாட்டேன் என்கிறது. கியர் கேபிள் போய்விட்டதா? (தஞ்சாவூர்)

பிரேக்கை மிதித்துக்கொண்டு பின்னால் ஒருவரை நிற்க வைத்துப் பாருங்கள். பிரேக் லைட் எரியவில்லையா? கோளாறு பெடலுக்கு மேலே உள்ள சின்ன சுவிட்சில், அல்லது ஃப்யூஸில். பிரேக் மிதித்த தகவல் போகாவிட்டால் லீவர் பூட்டு திறக்காது. அவசரத்துக்கு லீவர் பக்கத்தில் ஒரு சிறு மூடியோ பட்டனோ இருக்கும்; பிரேக்கை மிதித்தபடி அதை அழுத்தினால் லீவர் நகரும். பிரேக் லைட் இல்லாமல் மெக்கானிக் வரை போகிறீர்கள் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

கேள்வி: 2015 செலேரியோ ஏஎம்டி. சிக்னலில் நின்று கிளம்பும்போது உதறுகிறது. சில சமயம் தானாகவே நியூட்ரலுக்குப் போய் 'என்' மின்னுகிறது. ஏடிஎஃப் மாற்றலாமா? (கோவை)

இதில் ஏடிஎஃப் கிடையாது. மாருதி 2014-இல் கொண்டுவந்த இந்தப் பெட்டி சாதாரண ஐந்து கியர் மேனுவல்தான். சாதாரணக் கிளட்ச் தகடுதான். உங்கள் இடது காலும் இடது கையும் செய்ய வேண்டிய வேலையை ஒரு மின்பம்ப்பும் ஹைட்ராலிக் ஆக்சுவேட்டரும் செய்கின்றன. ஆகவே கோளாறையும் மேனுவல் காரில் தேடுவதுபோலத்தான் தேட வேண்டும்.

கிளம்பும்போது மட்டும் உதறல் என்றால் கிளட்ச் தகடு தேய்ந்திருக்கலாம், அல்லது தேய்மானத்துக்கு ஏற்ப 'பிடிக்கும் புள்ளி'யைக் கம்ப்யூட்டர் மறுபடி கற்கவில்லை. ஸ்கேனரில் கிளட்ச் கேலிப்ரேஷன் செய்து பாருங்கள். கிளட்ச் செட்டே மாற்றினாலும் இது கட்டாயம். சில இடங்களில் தகடை மாற்றிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள், வாடிக்கையாளர் மறுவாரமே அதே உதறலோடு வந்து நிற்கிறார்.

தானாக நியூட்ரலுக்குப் போவது ஹைட்ராலிக் அழுத்தம் பற்றாததால் இருக்கலாம். டிரைவர் கதவைத் திறந்ததும் 'விர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அது பம்ப் அழுத்தம் ஏற்றுவது, பயப்பட வேண்டாம். சிக்னலில் சும்மா நிற்கும்போதும் சில விநாடிக்கு ஒரு முறை அதே சத்தம் கேட்டால், அழுத்தத்தைச் சேமிக்கும் அக்குமுலேட்டர் பலவீனமாகிவிட்டது அல்லது எங்கோ கசிவு. சத்தமே வராவிட்டால் பம்ப் ரிலே, ஃப்யூஸ், பாட்டரி என்று வரிசையாகப் பாருங்கள். ஹைட்ராலிக் டப்பாவில் மட்டம் குறைந்ததுபோல் தெரிந்தால் பிரேக் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். கையேட்டில் சொன்ன திரவம் மட்டும். அக்குமுலேட்டரில் அழுத்தம் இருக்கும்போது மட்டம் இறங்கித் தெரியும் என்பதால் அதைப் பார்க்கவும் தனி வழிமுறை உண்டு.

மேட்டில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். அரைக் கிளட்சில் தகடு எரிகிறது. பிரேக்கைப் பிடியுங்கள். ஊட்டி, கொடைக்கானல் ஏற்றத்தில் 'எம்'முக்கு (மேனுவல் நிலை) மாற்றி நீங்களே இரண்டாவதில் வைத்திருங்கள்.

கேள்வி: 2006 ஹோண்டா சிட்டி சிவிடி. கிளம்பும்போது பத்து, பதினைந்து கி.மீ. வேகம் வரை வண்டி முழுக்க நடுங்குகிறது. (சேலம்)

அந்தத் தலைமுறை சிட்டிக்குப் பழகிய நோய். இந்த சிவிடியில் டார்க் கன்வெர்ட்டர் இல்லை. ஆயிலில் ஊறிய ஸ்டார்ட் கிளட்ச்தான் வண்டியைக் கிளப்புகிறது. ஆயில் பழையதானாலோ, சாதாரண ஏடிஎஃப் ஊற்றியிருந்தாலோ அந்தக் கிளட்ச் பிடித்துப் பிடித்து விடும். கையேட்டில் உள்ள ஹோண்டா ஆயிலை மட்டும் ஊற்றி, ஸ்டார்ட் கிளட்ச் கேலிப்ரேஷன் செய்யுங்கள். இரண்டு முறை மாற்றியும் நடுக்கம் திரும்பினால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. முதலில் இன்ஜின் மவுண்ட் ரப்பர்களையும் பாருங்கள். கிழிந்த மவுண்ட்டும் இதே நாடகம் ஆடும்.

மேலே மதுரை வாசகருக்குச் சொன்ன மட்டம் பார்க்கும் முறை உங்களுக்குப் பொருந்தாது. ஹோண்டாவில் சூடானபின் இன்ஜினை நிறுத்தி, 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்க வேண்டும். மீட்டரில் 'டி' விளக்கு மின்னினால் ஓட்டிப் பார்ப்பதை நிறுத்தி ஸ்கேன் செய்யுங்கள்.

கேள்வி: வெள்ளத்தில் சக்கரத்தின் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது. இன்ஜினுக்குள் போகவில்லை என்கிறார்கள். ஆட்டோமேட்டிக் பாக்ஸுக்கு என்ன பார்க்க வேண்டும்? (வேளச்சேரி)

ஸ்டார்ட் செய்யாதீர்கள். கியர் பாக்ஸுக்கு மூச்சுக்குழாய் ஒன்று உண்டு. தண்ணீர் அதைத் தொட்டிருந்தால் உள்ளே போயிருக்கும். டிப்ஸ்டிக்கில் ரோஸ்மில்க் நிறம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். கிளட்ச் தகடில் உராய்வுத் தாளை ஒட்டியிருக்கும் பசையைத் தண்ணீர் கெடுக்கும். எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவு ஆபத்து. ஓட்டாமல் வடித்து, புதிய ஆயில் ஊற்றி, சில நிமிடம் மட்டும் ஓடவிட்டு மறுபடி வடித்து, நிறம் தெளியும் வரை செய்ய வேண்டும். வெள்ளமே வராமல் இந்த நிறம் தெரிந்தால் குற்றவாளி ரேடியேட்டர்: அதற்குள் உள்ள ஆயில் கூலர் குழாய் ஓட்டையாகி கூலன்ட் கலக்கிறது.

வண்டியை எடுத்துப்போக, முன்சக்கரங்கள் தூக்கியிருக்க வேண்டும். நான்கு சக்கரமும் லாரியின் பலகை மேல் இருந்தால் இன்னும் நல்லது. இன்ஜின் ஓடாதபோது ஆயில் பம்ப்பும் ஓடாது. கயிறு கட்டி இழுத்தால் பாக்ஸ் வறண்டு சுற்றும்.

கேள்வி: சிக்னலில் 'என்'னா, 'டி'யா? (திருச்சி)

டார்க் கன்வெர்ட்டரில் ஒரு நிமிடத்துக்குள் என்றால் பிரேக்கை மிதித்து 'டி'யிலேயே இருங்கள். நீண்ட ரயில்வே கேட் என்றால் 'என்', ஹேண்ட் பிரேக். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க 'என்' போட்டு உருட்டுவது மட்டும் கூடாது.

கேள்வி: பாக்ஸ் போய்விட்டது என்று இரண்டு இடத்தில் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். ரிப்பேரா, பழைய பாக்ஸ் வாங்கிப் போடுவதா? (ஈரோடு)

கிளட்ச் தகடு, சீல் கிட் மட்டும் என்றால் ரிப்பேர். பிளானட்டரி கியரோ (உள்ளே இருக்கும் பல்சக்கரத் தொகுதி) பம்ப்போ உடைந்திருந்தால், ஓடிக்கொண்டிருந்த வண்டியிலிருந்து எடுத்த பாக்ஸே நல்லது. வாங்கும்போது பாக்ஸில் பொறித்த குறியீட்டு எண்ணை உங்களுடையதோடு ஒப்பிடுங்கள். டிரெயின் போல்ட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அதன் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. கையில் குத்தும் இரும்புச் சில்லு இருந்தால் அந்தப் பாக்ஸ் வேண்டாம்.

எதைப் பொருத்தினாலும் இரண்டு வேலையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, பழைய கூலரையும் குழாய்களையும் கழுவுவது. பழைய பாக்ஸின் தூள் அங்கேதான் தங்கியிருக்கும். இரண்டு, டார்க் கன்வெர்ட்டரை பம்ப்புக்குள் முழுதாக உட்கார வைத்துவிட்டு, பாக்ஸ் விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பது. சரியாக உட்காராத கன்வெர்ட்டரை போல்ட் முறுக்கி இழுத்துச் சேர்த்தால், முதல் ஸ்டார்ட்டிலேயே பம்ப் உடையும்.